மலையகம் வருகிறேன், கையில் லினக்ஸ் மடிக்கணினி. எந்த நிறுவனத்தின் இணையம் எடுப்பது?

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். யூபுண்டு என்ற லினக்ஸ் போட்ட மடிக்கணினியோடு அப்புத்தளை, பண்டாரவளை வரை வேலைக்காக அலைகிறவன். டயலொக்கா, மொபிடெல்லா, ஹட்ச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் உட்கார்ந்து இதைத் தீர்மானிக்க முடியாது. டவுனில் எல்லா சிம்மும் ஓரளவு இழுக்கும். தோட்டத்துக்குள் இறங்கி ஒரு வளைவு திரும்பினால் மலை மறைத்துக்கொள்ளும். மேல் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) நாலு கோடு காட்டுகிற சிம், கீழ் லயத்தில் செத்துக் கிடக்கும். அதனால் தங்கப்போகும் வீட்டாருக்கு ஒரு கோல் எடுத்து, "உங்க வீட்டுல எந்த சிம் இழுக்குது? ஜன்னல்கிட்ட மட்டுமா, உள்ளயுமா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எடுங்கள். இரண்டாவது சிம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கட்டும். எயார்டெல்லும் டயலொக்கும் 2024இல் ஒன்றாகிவிட்டதால் அந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பயனில்லை.

லினக்ஸைப் பொறுத்தவரை நிறுவனம் எதுவானாலும் ஒன்றுதான். சிக்கல் டொங்கிளில், அதாவது சிம் போட்டுக் கணினியில் செருகும் குட்டி மோடத்தில். நான் முதலில் வாங்கியதைச் செருகியதும் ஒரு சீடி போல வந்து நின்றது. உள்ளே விண்டோஸ் மென்பொருள் மட்டும். கடைத் தம்பி, "அண்ணே, இது லினக்ஸுக்கு சரிவராது" என்று கையை விரித்தார். அந்த சீடி வேடத்தைக் கலைக்கும் 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற மென்பொருளைப் போட்டதும் மோடமாக மாறிவிட்டது. ஆனால் அதை இறக்கவே இணையம் வேண்டுமே! இப்போது டொங்கிளே வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஆண்ட்ராய்ட் போனை வயரில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தை வயர் வழியே கணினிக்குக் கொடுப்பது) போட்டால், டிரைவர் எதுவும் கேட்காமல் வயர் இணைப்பாகவே வந்துவிடும். நீளமான வயராக வாங்குங்கள். போன் ஜன்னல் கட்டையில் இருக்கும், நீங்கள் கம்பளிக்குள் இருக்கலாம்.

அப்புறம், பெக்கேஜ் போடும்போது மொத்த ஜிபியைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லுகிற இரவு டேட்டாவாக இருக்கலாம். எனக்கு ஒருநாள் காலை தேநீர் குடித்து முடிப்பதற்குள் பகல் டேட்டா முழுதும் போயிற்று. தின்றது பின்னால் ஓடிய ஸ்னாப் அப்டேட், அதாவது யூபுண்டு தன் செயலிகளைத் தானாகப் புதுப்பித்துக்கொள்வது. நெட்வொர்க் அமைப்பில் இணைப்பை 'மீட்டர்ட்' (அளவோடு கிடைக்கும் டேட்டா) என்று குறித்து வையுங்கள், ஸ்னாப் அப்டேட்டைத் தனியாக நிறுத்தி வையுங்கள். இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம்.

ரயிலில் வேலை பார்க்கிற ஆசை இருந்தால், கொட்டகலைக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கத்தில் கோல் அறுந்துபோகும். மீட்டிங்கில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.