ஓரத்தை ஒட்டிப் போகும் வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பைத்தானில் சின்ன விளையாட்டு ஒன்று எழுதுகிறேன். கட்டங்களின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் புது வழி வேண்டும். ஒவ்வொரு அடியிலும் நாணயம் சுண்டுவதுபோல வலதா, கீழா என்று ரேண்டமாக முடிவெடுக்கிறேன். பாதி வழிகள் கடைசியில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய்ச் சேர்கின்றன. நான்கு திசையும் அனுமதித்தால் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நடுவில் மாட்டிக்கொள்கிறது. எங்கே தவறு?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரேண்டம் ஃபங்ஷன்மேல் பழி இல்லை. நீங்கள் அடிகளுக்குச் சம வாய்ப்புக் கொடுத்தீர்கள், வழிகளுக்குக் கொடுக்கவில்லை.

வலது இரண்டு, கீழ் இரண்டு என்று தாளில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 6 வழி. ‘வலது வலது கீழ் கீழ்’ வர முதல் இரண்டு சுண்டல் வலதாக விழுந்தால் போதும், அதற்குமேல் சுவர்தான். வாய்ப்பு 1/4. ‘வலது கீழ் வலது கீழ்’ வர மூன்று சுண்டல் சரியாக விழ வேண்டும்: 1/8. நியாயப்படி எல்லாவற்றுக்கும் 1/6. பத்துக்குப் பத்து அடியில் 1,84,756 வழிகள் உண்டு. அதில் நேராக இறங்கி நேராகத் திரும்பும் ‘ட’ வடிவ வழி, உங்கள் கோடில் 1024-க்கு ஒரு முறை தலைகாட்டும். கடைசி நேர்கோட்டின் சராசரி நீளம் மூன்றரை அடி; சரியான முறையில் இரண்டுக்கும் குறைவு. நீங்கள் பார்த்த ‘ஓரம்’ இதுதான்.

மருந்து எளிது. பத்து ‘வலது’, பத்து ‘கீழ்’ கொண்ட லிஸ்டை ஷஃபிள் செய்து, வரிசைப்படி நடங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றினால் வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ ஃபங்ஷனின் ஒப்பீட்டுக்குள் ரேண்டமைச் செருகும் குறுக்குவழி வேண்டாம், அது சமமாகக் குலைக்காது. சமமாகக் குலைக்கும் ஃபிஷர்-யேட்ஸ் முறையை எழுத நாலைந்து வரிதான்.

நடுவில் தடைகள் இருந்தால் ஷஃபிள் போதாது. முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முடிவுக் கட்டத்தில் 1, தடையில் 0, மற்றதில் வலப்பக்க எண்ணையும் கீழ்ப்பக்க எண்ணையும் கூட்டிய தொகை. தொடக்கக் கட்டத்தில் 0 வந்தால் வழியே இல்லை, தேட வேண்டாம். நடக்கும்போது 0-இலிருந்து அந்தக் கட்டத்தின் தொகைக்கு ஒன்று குறைவான எண்வரை ஒரு முழு எண் எடுங்கள். அது வலப்பக்க எண்ணைவிடச் சிறியதானால் வலது, இல்லாவிட்டால் கீழ். பைத்தான் எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும். சி++ என்றால் 34-க்கு 34 அடியிலேயே 64 பிட் எண்ணில் இடம் போதாமல் வழிந்துவிடும், பிழைச்செய்திகூட வராது.

நான்கு திசை என்பது வேறு ஜாதிக் கணக்கு. பழைய கட்டத்தை மிதிக்காமல் மூலைக்கு மூலை போகும் வழிகள் 4-க்கு 4 புள்ளியில் 184, 5-க்கு 5-இல் 8,512, 7-க்கு 7-இல் 57,57,80,564. மேலே சொன்ன எண்ணும் முறை இங்கே எடுபடாது. அதனால் மிதித்தால் நிற்காதீர்கள், அழியுங்கள்: ஏற்கெனவே வந்த கட்டத்துக்குத் திரும்பினால், நடந்த கட்டங்களின் லிஸ்டில் அந்தக் கட்டத்துக்குப் பிறகு வந்ததையெல்லாம் வெட்டிவிட்டு அங்கிருந்து தொடருங்கள். மாட்டிக்கொள்ளவே முடியாது. 1996-இல் கணிதவியலாளர் டேவிட் வில்சன், எல்லாப் புள்ளிகளையும் சுற்றில்லாமல் இணைக்கும் ‘ஸ்பானிங்’ மரங்களை ரேண்டமாக உண்டாக்கப் பயன்படுத்தியதும் இந்தக் கண்ணி அழிப்பைத்தான். எல்லா வழிக்கும் சம வாய்ப்பு இதிலும் இல்லை, ஆனால் ஓரத்தை ஒட்டும் நோய் தெரியாது.

விளையாட்டுக்கு என்றால் நான் வேறொன்றைச் சொல்வேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் 1 முதல் 10 வரை ஏதாவது ஒரு செலவு கொடுத்து, மொத்தச் செலவு குறைந்த வழியைத் தேடும் டிஜ்க்ஸ்ட்ரா முறையை ஓட்டுங்கள். 10-ஐ 3 ஆக்கினால் வழி நேராகும், 50 ஆக்கினால் நெளியும். திருகு உங்கள் கையில். செலவுகளைத் தேடலுக்கு முன்பே ஒரு முறை எழுதிவையுங்கள். தேடலுக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுத்தால் ஒரே கட்டத்துக்கு இரண்டு விலை வரும், குறைந்த செலவு என்ற கணக்கே குலையும். ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் ஸீட் எண்ணையும் லாகில் பதியுங்கள், கோணலான வரைபடத்தை மறுபடி வரவழைக்க அது வேண்டும்.