காலையில் பிளஸ், உச்சி வெயிலில் மைனஸ்: அதிர்வெண் விலகல் ஏன் தாவுகிறது?

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில், கிணற்று மோட்டார் அறைக்கும் சாளைக்கும் (தோட்டத்து வீடு) நடுவே இரண்டு எஸ்.டி.ஆர். பலகைகளை (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வைத்து ஓ.எஃப்.டி.எம். முறையில், அதாவது தரவைப் பல சிறு அலைகளில் பிரித்து ஏற்றி, அனுப்பிப் பார்க்கிறேன். 2,450 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 40 லட்சம் மாதிரிகள், அந்தச் சிறு அலைகள், அதாவது துணைக் கேரியர்கள், 64. ஒவ்வொரு பாக்கெட்டின் தொடக்கத்திலும் வரும் முகப்புக் குறியில் 32 மாதிரிகள் கொண்ட ஒரே துண்டு இருமுறை வருகிறது. அதை வைத்துத்தான் கேரியர் அதிர்வெண் விலகலை, அதாவது இரு பலகைகளின் அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை, கணக்கிடுகிறேன். காலையில் +55 கிலோஹெர்ட்ஸ் என்று வருகிறது, தரவும் ஒழுங்காக வருகிறது. வெயில் ஏறியதும் திடீரென்று –59 என்கிறது. வந்த தரவைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தில் நான்கு புள்ளிக் கூட்டங்களும் சுத்தமாகத் தெரிகின்றன. ஆனால் ஒரு பாக்கெட்கூடப் பிழைச் சரிபார்ப்பைத் தாண்டுவதில்லை. பலகை பழுதாகிவிட்டதா?

பதில்: பலகையில் பழுதில்லை, புதிதாக வாங்கிவிடாதீர்கள். உச்சி வெயிலில் உங்கள் விலகல் –59 அல்ல, +66 கிலோஹெர்ட்ஸ். உங்கள் அளவுகோலுக்கு அவ்வளவு நீளம் இல்லை என்பதுதான் சிக்கல்.

கோவைப் பக்கம் பஞ்சாலைகளில் ஸ்பிண்டில் வேகத்தை ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். ஸ்பிண்டிலில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கு ஒருமுறை மின்னி அடுத்த முறை மின்னுவதற்குள் கோடு 190 பாகை முன்னே சுற்றியிருந்தால், கண்ணுக்கு அது 170 பாகை பின்னே போனதாகத்தான் தெரியும். நீங்கள் செய்வதும் இதேதான். ஒவ்வொரு மாதிரியையும், அதற்கு 32 மாதிரிகள் முன்னால் வந்ததன் இணைக் கலப்பெண்ணால் (கோணத்தின் பிளஸ் மைனஸை மாற்றிய எண்) பெருக்கிக் கூட்டுகிறீர்கள். கூட்டுத்தொகையின் கோணமே, அந்த 32 மாதிரி நேரத்தில் கேரியர் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. விலகல் என்பது கோணத்தை 360 ஆல் வகுத்து, மாதிரி வேகத்தை 32 ஆல் வகுத்து வரும் 1,25,000 ஆல் பெருக்கினால் கிடைப்பது. காலையில் உங்கள் கோணம் ஏறத்தாழ 158 பாகை, அதாவது விளிம்பில்தான் நின்றிருந்தீர்கள். வெயிலில் அது 190 ஆனது. கணினி அதை –170 என்று படித்தது, விடை –59 ஆனது.

கூடியது 11 கிலோஹெர்ட்ஸ்தான். 2,450 மெகாஹெர்ட்ஸில் ஒரு பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது 2.45 கிலோஹெர்ட்ஸ். ஆக நகர்ந்தது நாலரை பி.பி.எம். தகரக் கூரைக்கு அடியில் கொதிக்கும் மோட்டார் அறையில் அதிர்வெண்ணைத் தரும் ஒரு சாதாரணப் படிகம் இவ்வளவு நகர்வது அதிசயமில்லை. பலகைக்கு ±20 பி.பி.எம். என்று வைத்தால், இரண்டும் எதிரெதிராக விலகும்போது 40 பி.பி.எம்., அதாவது 98 கிலோஹெர்ட்ஸ். 32 மாதிரி இடைவெளியோ ±62.5 வரைதான் அளக்கும். காலையில் ஓடியது உங்கள் அதிர்ஷ்டம்.

புள்ளிகள் ஏன் சுத்தமாக இருந்தன என்பதுதான் இதில் சுவையான இடம். உண்மைக்கும் உங்கள் விடைக்கும் உள்ள வித்தியாசம் 125 கிலோஹெர்ட்ஸ். உங்கள் துணைக் கேரியர்களின் இடைவெளி 62.5. அதாவது பிழை மிகச் சரியாக இரண்டு இடங்கள். அரை இடம் தவறியிருந்தால் ஒன்றின் ஆற்றல் மற்றதில் கசிந்து படம் குழம்பியிருக்கும், உங்களுக்கும் உடனே உறைத்திருக்கும். முழு எண்ணாகத் தவறியதால் கசிவே இல்லை. ஒவ்வொரு தரவும் இரண்டு வீடு தள்ளிக் குடியேறிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் முறை ஷ்மிடில், காக்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1997 இல் வெளியிட்டது. அவர்கள் முகப்பில் இரண்டாவதாக ஒரு குறியும் வைத்திருந்தார்கள். எத்தனை இடங்கள் தள்ளிப்போயிற்று என்று எண்ணுவதுதான் அதன் வேலை. முதல் குறியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதைச் சேர்த்தாலும் உங்கள் சிக்கல் தீரும். ஆனால் நானாக இருந்தால் வைஃபை போகும் வழியில் போவேன்.

அதாவது, நான்கில் ஒரு துணைக் கேரியரில் மட்டும் ஆற்றலை ஏற்றுங்கள். 16 மாதிரிகளுக்கு ஒருமுறை திரும்பும் அலை கிடைக்கும். அதைப் பத்துமுறை அனுப்புங்கள். இதன் எல்லை ±125 கிலோஹெர்ட்ஸ், உங்கள் 98 தாராளமாக அடங்கும். இடைவெளியைக் குறைத்தால் இரைச்சலால் வரும் கோணப் பிழை அதிர்வெண்ணில் பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. அதனால் இதை முதல் திருத்தமாக மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்து 64 மாதிரித் துண்டு ஒன்றை இருமுறை அனுப்பி நுணுக்கமாக அளவிடுங்கள். அதன் எல்லை ±31.25 தான், ஆனால் முரட்டுப் பிழை அதற்குள் போய்விட்டதால் போதும்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சும். சமிக்ஞை இரைச்சலைவிட 10 டெசிபெல் மேலே இருந்தால், மிச்சப் பிழை ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸ். குறிகளுக்கு நடுவே விடும் 16 மாதிரிக் காப்பு இடைவெளியோடு உங்கள் ஒரு குறியின் நீளம் 20 மைக்ரோநொடி. அப்படியானால் குறிக்குக் குறி புள்ளிகள் மூன்று பாகை திரும்பும். பதினைந்து பதினாறு குறிகளில் 45 பாகை ஆகிவிடும், நான்கு புள்ளிகளில் தரவை ஏற்றும் கியூ.பி.எஸ்.கே. முறை அதற்கு மேல் தாங்காது. ஆகவே நான்கு துணைக் கேரியர்களையாவது பைலட்டாக, அதாவது முன்பே தெரிந்த மதிப்பை அனுப்ப, ஒதுக்கி, ஒவ்வொரு குறியிலும் மிச்சத் திருப்பத்தைத் திருத்திக்கொண்டே வாருங்கள்.

வந்த அலையை ஒரே படியில் சுழிய அதிர்வெண்ணுக்கு இறக்கும் நேரடி மாற்றி ரிசீவராக இருந்தால் இன்னொரு பொறியும் உண்டு. அதன் டி.சி. விலகல் (சமிக்ஞையோடு ஒட்டிவரும் மாறாத மதிப்பு) எத்தனை மாதிரி தள்ளிப் பார்த்தாலும் தன்னைப் போலவே இருக்கும். அது உங்கள் கூட்டுத்தொகையைச் சுழியப் பாகையின் பக்கம் இழுக்கும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு முகப்பைத் தேடும் அளவை, அதாவது துண்டு எவ்வளவு ஒத்துத் திரும்புகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்ணைப் பாருங்கள். காற்றில் ஒன்றுமில்லாதபோதும் அது 1 ஐ நெருங்கி நின்றால் டி.சி.தான் காரணம். சராசரியைக் கழித்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு உடனே தோப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மேசையிலேயே, அதே இரு பலகைகளை வைத்து, தலைமுடி காயவைக்கும் டிரையரை டிரான்ஸ்மிட்டர் படிகத்தின் மேல் மெதுவாகக் காட்டுங்கள், திரையில் விலகலின் வரைகோட்டைப் பாருங்கள். 62.5 ஐத் தாண்டும்போது அது கீழே குதிக்காமல் வழவழவென்று மேலேறிப் போக வேண்டும்.