பூங்கா ஓரத்து பழைய வீடு வாங்கலாமா?

கேள்வி: 40 வருஷத்துக்கு முந்தி உருவான புறநகர் ஏரியா, தெரு ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரம், பின்பக்க காம்பவுண்டைத் தாண்டினா இயற்கைப் பூங்கா. பார்த்ததுமே எனக்கும் வீட்டுக்காரருக்கும் புடிச்சுப் போச்சு. பழைய வீடாச்சேன்னு மாமியார் இழுக்குறாங்க. அட்வான்ஸ் குடுத்துடலாமா சார்?

பதில்: இப்போதைக்கு நான் உங்க மாமியார் கட்சிம்மா. வேணாம்னு சொல்லல, ஆனா நீங்க மரத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க, வீட்டை இன்னும் பார்க்கல. நல்லா மழை ஊத்துற அன்னிக்கு ஒரு தடவை போங்க. பூங்கா மேட்டுலயும் வீடு பள்ளத்துலயும் இருந்தா அங்க பெய்யுற தண்ணி உங்க பின்வாசலுக்குத்தான் வரும், மழை வரலைன்னா காம்பவுண்டு சுவரோட அடிப்பக்கம் பாருங்க, தண்ணி நின்ன எடத்துல சேத்துக் கலர்ல ஒரு கோடு இருக்கும், அந்த அடிப்பக்கத்துக்கு மட்டும் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா நான் சந்தேகப்படுவேன்.

அடுத்தது வேர். பழைய சாக்கடை பைப்பு ஜாயிண்டுல கசியுற ஈரத்துக்கு வேர் உள்ள பூந்து அடைச்சுக்கும், அதனால எல்லா குழாயையும் ஒரே நேரத்துல தொறந்துவிட்டுட்டு வெளிய சேம்பர் மூடியைத் (சாக்கடை பைப்பு வந்து சேர்ற தொட்டியோட மூடி) தூக்கிப் பாருங்க, தண்ணி தேங்கி மேல ஏறுச்சுன்னா வேலை இருக்குன்னு அர்த்தம். களிமண் பூமில மரம் தண்ணிய உறிஞ்ச மண்ணு சுருங்கி அஸ்திவாரம் எறங்கும். ஜன்னல் மூலைலேர்ந்து சாய்வா ஓடுற விரிசல் 5 மில்லிமீட்டருக்கு மேல வாய் பொளந்திருந்தா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காம பேச்சே வேணாம்.

கரையான் மேட்டர் என் சொந்த அனுபவம். இதே மாதிரி ஒரு வீட்டுல பளபளன்னு வார்னிஷ் அடிச்ச நிலைக்கால்ல சும்மா சாவிய வச்சு அழுத்தினேன், பாதி சாவி உள்ள போயிடுச்சு, ஓனர் எங்கயோ பார்த்துக்கிட்டு நிக்குறாரு! சுவத்துல பென்சில் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருக்கான்னும் பாருங்க.

வயரிங்கை எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க, எர்த் ஒழுங்கா இருக்கான்னு மட்டும் மறக்காம கேளுங்க. முக்கியமா அந்தப் பூங்கா சர்க்கார் ரெக்கார்டுலயும் பூங்காதானா, இல்ல யாரோட காலி எடமாவது இப்போதைக்கு காடா மண்டிக் கிடக்குதான்னு மாஸ்டர் பிளான்ல, அதாவது எந்த எடம் எதுக்குன்னு சர்க்கார் போட்டு வச்சிருக்குற ஊர்த் திட்டத்துல பார்த்துடுங்க, நாளைக்கு அங்க அப்பார்ட்மெண்ட் எழும்பினா ஜன்னலைத் தொறந்தா சுவருதான் தெரியும்.

இதெல்லாம் தேறிடுச்சுன்னா தாராளமா குடுங்க. கொசுவலை அடிக்கிற செலவைச் சொல்லி கொஞ்சம் கொறைக்கச் சொல்லிப் பாருங்க, அந்தப் பேச்சை மாமியார்கிட்டயே விட்டுடுங்க.