தளங்கள் திறக்கின்றன, பேனல் திறக்கவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் ஏழெட்டு இணையதளங்கள் ஒரு வாடகை லினக்ஸ் சர்வரில் இயங்குகின்றன. நான்கு நாட்களாக அதன் கண்ட்ரோல் பேனல் திறக்கவில்லை. தளங்கள் மட்டும் வழக்கம்போல் திறக்கின்றன. சர்வரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தோம். இரண்டு முறையும் பேனல் பத்து நிமிடம் போல வேலை செய்துவிட்டு மறுபடியும் நின்றுவிட்டது. பேனலை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம் என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான தகவல். அதற்கு வருவதற்கு முன், தளங்கள் ஓடும்போது பேனல் மட்டும் நிற்பது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ட்ரோல் பேனல் என்பது சர்வரை உலாவி வழியாக நிர்வகிக்க உதவும், தனக்கென ஒரு சிறிய வெப் சர்வரை வைத்துக்கொண்டு தனிப் போர்ட்டில் (எண்ணிட்ட வாசலில்) இயங்கும் நிரல். தளங்களை 80, 443 ஆகிய போர்ட்டுகளில் அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ போன்ற வெப் சர்வர் நிரல் கவனித்துக்கொள்ள, பேனல்களில் சிபேனலின் பயனர் பக்கம் 2083இலும் நிர்வாகப் பக்கம் 2087இலும், பிளெஸ்க் 8443இலும், டைரக்ட்அட்மின் 2222இலும், வெப்மின் 10000இலும் காத்திருப்பதுதான் வழக்கமான ஏற்பாடு. எனவே பேனல் விழுந்தாலும் தளங்கள் விழ வேண்டிய அவசியமில்லை. நிதானமாகப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது என்பதும் இதனால்தான்.

இனி அந்தப் பத்து நிமிடம். நிறுவலே கெட்டுப்போயிருந்தால், ரீஸ்டார்ட் செய்தபின் பேனல் ஒரு நிமிடம்கூடத் திறந்திருக்காது. திறந்து, ஓடி, பிறகு நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று மெல்ல நிரம்பிக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் அது டிஸ்க் (வட்டு), அடுத்தபடியாக நினைவகம். எஸ்எஸ்எச் என்ற தொலைவழி உள்நுழைவு மூலம், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக உள்ளே சென்று, பேனல் நின்றிருக்கும் வேளையிலேயே இந்த இரண்டையும் பாருங்கள். இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பார்த்தால், தடயத்தை நீங்களே துடைத்துவிட்டுத் தேடுவதாக ஆகிவிடும்.

முதலில் 'டிஎஃப்' கட்டளையைக் கொடுத்து, வட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளது என்று பாருங்கள். அதில் இடம் மிச்சம் என்று வந்தாலும் நிம்மதி அடைந்துவிடாமல், அதே கட்டளையை ஒரு சிறு கோடும் சிறிய எழுத்து 'ஐ'யும் சேர்த்து இன்னொரு முறை கொடுங்கள். அது ஐநோடுகளின் எண்ணிக்கையைக் காட்டும். ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் குறிப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவை. லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் வட்டைத் தயார்செய்யும்போதே அவற்றின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பழைய பிஎச்பி செஷன் கோப்புகளோ அனுப்ப முடியாமல் தேங்கிய மின்னஞ்சல்களோ இலட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டால், பாதி வட்டு காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்ற பிழை வந்துவிடும். அரை நாள் இதில் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

டிஸ்க் நிரம்பினால் தளங்கள் ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்தைக் காட்டுவதற்குப் படித்தால் போதும், எழுத வேண்டியதில்லை. பேனலோ உள்நுழைவுக்கான செஷன், தற்காலிகக் கோப்பு, பதிவேடு (லாக்) என்று ஒவ்வொரு அசைவுக்கும் எதையாவது எழுதியாக வேண்டும். இஎக்ஸ்டி4 வழக்கமாக வட்டில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைத்துவிடுவதால், சாதாரணப் பயனர்களின் கீழ் இயங்கும் நிரல்களுக்கு எழுத இடமில்லாமல் போன பிறகும் ரூட்டின் கீழ் இயங்குபவை சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். பாதி வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். வரும் மின்னஞ்சல்களும் இந்நேரம் தடைபட்டிருக்கலாம். அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாட்கள் மறுபடி மறுபடி முயலும் என்பதால், இன்றே இடத்தை விடுவித்தால் பெரும்பாலானவை வந்து சேர்ந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே நான்கு நாட்களைக் கழித்துவிட்டீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த அடைவு (ஃபோல்டர்) இடத்தை விழுங்குகிறது என்பதை 'டியு' கட்டளை சொல்லும். நான் பார்த்தவரை குற்றவாளி பெரும்பாலும் ஒரு பெருத்துப்போன பதிவேடு, அல்லது அதே வட்டில் சேமிக்கப்படும் பழைய பேக்கப். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 40 ஜிபி பதிவேட்டைக் கண்டதும் அழித்துவிடத் தோன்றும். அழித்த பிறகும் டிஎஃப் அதே 100 சதவீதத்தைக் காட்டும். அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் சேவை அதைத் திறந்தே வைத்திருப்பதால், பெயர் மறைந்தாலும் இடம் திரும்பாது. சேவையை நிறுத்தித் தொடங்கினால்தான் இடம் வரும். ரீஸ்டார்ட் செய்ததும் உங்கள் பேனல் உயிர்பெற்றதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்: நிறுத்தும்போது அத்தகைய கோப்புகள் விடுபட்டு, சற்று இடம் கிடைத்து, அது நிரம்பும்வரை பேனல் ஓடியிருக்கும். அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளை 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை பட்டியலிடும். உயிரோடு இருக்கும் பதிவேட்டை அழிப்பதை விட, அதன் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கி அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது நல்லது. வெறுமையாக்குவதற்கு முன் அதன் கடைசி நூறு வரிகளைப் படியுங்கள். வட்டை நிரப்பிய பிழை எது என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

டிஸ்க் சரியாக இருந்தால், லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவேட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற சொற்களைத் தேடுங்கள். நினைவகம் தீர்ந்துபோகும்போது கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று தன்னைக் காத்துக்கொள்ளும். கொல்லப்பட்டது பேனலாகவோ, பேனல் நம்பியிருக்கும் தரவுத்தளமாகவோ இருக்கலாம்.

இரண்டும் இல்லையென்றால், உலாவி காட்டும் பிழையை உற்றுப் படியுங்கள். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. பேனலின் சேவை ஓடவில்லை என்று கொள்ளலாம். நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் கடந்தது என்று வந்தால், பெரும்பாலும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் வழியில் நிற்கிறது. கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக இட்டதால் உங்கள் ஐபி முகவரி மட்டும் தடுக்கப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், கைபேசியின் டேட்டா இணைப்பில் ஒருமுறை திறந்து பாருங்கள். பக்கம் வந்து உரிமம் செல்லாது என்று சொன்னால், சர்வரின் ஐபி முகவரி மாறியதா, அதன் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

நண்பர் சொன்ன மறுநிறுவலுக்கு வருகிறேன். பேனல் பயனர் கணக்குகள், டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகள், மின்னஞ்சல் பெட்டிகள், சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் தன் கையை வைத்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் அவையும் சேர்ந்து வரும். உங்கள் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்து, அதன் தொகுப்புகள் (நிறுவல் கோப்புகள்) பழைய இடத்திலிருந்து காப்பகத்துக்குப் போய்விட்டன. நிறுவி பாதி வழியில் தொகுப்புகளைத் தேடி நிற்கும். பழைய பேனலும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையில் நீங்கள் நிற்பீர்கள்.

கேள்வி: வெப்மின் பக்கம் ஐபி முகவரியைக் கொடுத்தால் திறக்கிறது, டொமைன் பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை. தளத்தைக் கிளவுட்ஃப்ளேர் வழியாக மாற்றிய பிறகுதான் இப்படி. வெப்மினில் என்ன கோளாறு?

பதில்: வெப்மினில் கோளாறு எதுவும் இல்லை. தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையில் நிற்கும் கிளவுட்ஃப்ளேரின் வழக்கமான ப்ராக்ஸி சில குறிப்பிட்ட போர்ட்டுகளை மட்டுமே கடத்தும். 2083, 2087, 8443 அந்தப் பட்டியலில் உண்டு, 10000 இல்லை. பேனலுக்கென ஒரு துணை டொமைனை உருவாக்கி, அதற்கு மட்டும் ப்ராக்ஸியை நிறுத்திவையுங்கள். அந்தப் பெயர் சர்வரின் உண்மையான ஐபி முகவரியை வெளியே காட்டிவிடும் என்பதால், 10000ஆம் போர்ட்டை உங்கள் முகவரிக்கு மட்டும் ஃபயர்வாலில் திறந்துவிடுவது அவசியம்.

கேள்வி: பேனலில் அனுமதிப் பிழை வந்ததால், மேல் அடைவிலிருந்து எல்லாவற்றுக்கும், யாரும் படிக்க, எழுத, இயக்க இடம் தரும் 777 அனுமதி கொடுத்துவிட்டேன். இப்போது எஸ்எஸ்எச் கூட உள்ளே விடவில்லை. மீட்க வழி உண்டா?

பதில்: தரவை மீட்கலாம், அந்த அமைப்பை மீட்கப் பாடுபட வேண்டாம். தன் இரகசியச் சாவியை எல்லோராலும் படிக்க முடிகிறது என்று கண்டால் எஸ்எஸ்எச் சேவை அதைப் பயன்படுத்த மறுக்கும். ரூட் அதிகாரத்தில் கட்டளைகளை இயக்க உதவும் சுடோவும் அதன் கோப்புகளின் அனுமதி மாறினால் வேலை செய்யாது. தொகுப்புகளோடு வந்த கோப்புகளின் அனுமதியை ஆர்பிஎம் தொகுப்புகளைப் பயன்படுத்தும் லினக்ஸ் அமைப்புகளில் ஒரு கட்டளையால் ஓரளவு திருப்பலாம் என்றாலும், பேனல் பின்னாளில் உருவாக்கிய ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு என்ன அனுமதி இருந்தது என்பது எங்கும் எழுதப்படவில்லை. மேலே உள்ள வாசகருக்கு வேண்டாம் என்ற மறுநிறுவல் உங்களுக்குத்தான் பொருந்தும். சர்வர் வழங்குநரின் மீட்பு முறையில் இயக்கி, வட்டை இணைத்து, பயனர் அடைவுகள், தரவுத்தளக் கோப்புகள், மின்னஞ்சல்கள், டிஎன்எஸ் பதிவுகள் ஆகியவற்றை வேறிடத்துக்கு நகலெடுங்கள். புதிய சர்வரில் பேனலை நிறுவி அவற்றைக் கொண்டுவந்து, தளங்கள் திறப்பதைச் சரிபார்த்த பிறகு மட்டும் பழைய வட்டைக் கைவிடுங்கள்.