கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாமா?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வந்திருக்கிறது, கவுன்சலிங்கில் கெமிக்கல் போடலாமா, வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். ஆனால் கெமிஸ்ட்ரி மார்க்கை மட்டும் நம்பிப் போடாதீர்கள். நான் இதைப் படித்துவிட்டு உரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். இங்கே கெமிஸ்ட்ரியைவிட இயற்பியலும் கணக்கும்தான் அதிகம்.

அமோனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் புத்தகத்தில் அது ஒரு வரிச் சமன்பாடு. பிளாண்டில் 400 டிகிரி வெப்பமும் 100 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் கொடுத்த பிறகும், நைட்ரஜன், ஹைட்ரஜனில் பெரும்பகுதி மாறாமலேயே ரியாக்டரிலிருந்து வெளியே வரும். குளிரவைத்து அமோனியாவைத் திரவமாகப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்ச வாயுவை மறுபடி உள்ளே அனுப்புகிறோம். அப்படிச் சுற்றவிட்டால், நைட்ரஜனுக்காக எடுத்த காற்றோடு வந்த ஆர்கான் எதனோடும் வினைபுரியாமல் உள்ளேயே சேர்ந்துகொண்டே போகும். அதனால் கொஞ்சம் வாயுவை வெளியேற்றியாக வேண்டும். அதோடு ஹைட்ரஜனும் போய்விடும், அது அவ்வளவும் காசு. அப்படியானால் எவ்வளவு விடுவது? எங்கள் படிப்பு முழுக்க இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

இன்னொன்று, அளவு. ஒரு லிட்டர் குடுவையில் நடக்கும் வினையை அதே வடிவத்தில் 1000 லிட்டர் கலனில் செய்தால், கொள்ளளவு 1000 மடங்கு கூடும், சுவரின் பரப்பு 100 மடங்குதான் கூடும். அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் வெப்பம் வெளியேறக் கிடைக்கும் சுவர் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. குடுவையில் சாதுவாக இருந்த வினை அங்கே கைமீறிப் போகலாம். இந்தப் பொறுப்பு எனக்குப் பிடிக்கும். நடுராத்திரி ஷிஃப்டில்கூடப் பிடிக்கும்.

ஷிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. பிளாண்ட் தீபாவளிக்கு நிற்காது. மணலி, கடலூர், தூத்துக்குடியில் வேலைகள் உண்டு. ஆனால் குஜராத்தின் தஹேஜ், ஹசீரா, ஜாம்நகர், மருந்துத் துறை என்றால் ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று கிளம்பத் தயாராக இருப்பவர்களுக்கே வாய்ப்பு அதிகம். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் நண்பர்களைவிடக் குறைவாக இருக்கலாம். கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் உண்டு, போட்டி கடுமை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, இதைப் படித்துவிட்டு ஐடிக்குப் போய்விடலாம் என்ற எண்ணமா? அப்படியானால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தெர்மோடைனமிக்ஸும் (வெப்ப இயக்கவியல்) மாஸ் டிரான்ஸ்ஃபரும் (பொருள்கள் ஒரு கலவையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதைப் பற்றிய பாடம்) பிடிக்காமல் படித்தால் நான்கு வருடமும் பாரம்தான்.

கல்லூரி விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். 1944-ல் தொடங்கிய கிண்டி ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), திருச்சி என்.ஐ.டி., காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) போன்ற இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம். மற்ற கல்லூரி என்றால், மொத்தம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்காதீர்கள், அந்தக் கணக்கில் ஐடி வேலைகளும் கலந்திருக்கும். போன வருடம் முடித்த சீனியர்களைப் பிடித்து, எத்தனை பேர் கெமிக்கல் துறையிலேயே சேர்ந்தார்கள், லேபில் திரவங்களைக் காய்ச்சிப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் கோபுரம் (column) ஓடுகிறதா என்று கேளுங்கள்.

அப்புறம், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். (NPTEL) இணையதளத்தில் மெட்டீரியல் பேலன்ஸ் (உள்ளே போகும், வெளியே வரும் பொருள்களின் கணக்கு) பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சாய்ஸ் பூட்டுவதற்கு முன்னால் முதல் சில வகுப்புகளைப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன அமோனியா மாதிரி மிச்சத்தை மறுபடி உள்ளே அனுப்பும் ரீசைக்கிள் கணக்கு ஒன்றை நோட்டில் போட்டுப் பாருங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை, விடாமல் போடத் தோன்றுகிறதா என்பதுதான் முக்கியம்.