அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தன் விருப்பப்படி பாடம் நடத்தும் சுதந்திரம் உண்டா? புதிய முயற்சிகளை எப்படி ஊக்குவிக்கலாம்?

உண்டு. கதவைச் சாத்திக்கொண்டால் உண்டு.

நான் இடைநிலை ஆசிரியை. நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை எனக்கு, நாலும் அஞ்சும் தலைமையாசிரியருக்கு. அவர் ஏதாவது விவரம் கொடுக்க வட்டார அலுவலகம் போய்விட்டால் அஞ்சு வகுப்பும் எனக்குத்தான்.

சில வருடங்களுக்கு முன் மூணாம் வகுப்புக்கு நீட்டலளவை நடத்தினேன். எங்கள் பிள்ளைகளுக்கு முழம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதிப் பேர் வீட்டில் பூக்கட்டுகிறார்கள். ஒரு மல்லிகைச் சரத்தைக் கொண்டுபோய் அளக்கச் சொன்னேன். நான் அளந்தால் நாலு முழம். ஒரு பையனுக்கு அஞ்சரை வந்தது, வகுப்பிலேயே குட்டிப் பெண்ணுக்கு ஆறு. "டீச்சர், எங்க அப்பத்தா கைய மடக்கி அளக்கும், அதான் அதுகிட்ட பூ சீக்கிரம் தீராது" என்று வீட்டு ரகசியத்தைப் போட்டு உடைத்தாள் ஒருத்தி. அப்போ யார் முழம் சரி? ஒரே சண்டை. மீட்டர் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அது எதற்கு என்று விளக்க வேண்டிய வேலையே எனக்கு இல்லாமல் போனது.

அந்த நேரம் பார்த்துப் பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். முதல் கேள்வி: "இன்னைக்குக் கையேட்டுல எந்தப் பக்கம்மா?" எந்த நாள் எந்தப் பாடம் என்று சொல்லும் ஆசிரியர் கையேட்டின்படி நான் இரண்டு நாள் பின்தங்கி இருந்தேன். பார்வைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: 'பாடக்குறிப்பின்படி கற்பித்தல் நடைபெறவில்லை.' நல்ல மனுஷன்தான். அன்று இன்னும் மூன்று பள்ளி பார்க்க வேண்டும், கையில் கட்டம் போட்ட படிவம். அதில் மல்லிகைப்பூவுக்குக் கட்டம் இல்லை.

இங்கே புதுமைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான, பிள்ளை தன் வேகத்தில் ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் படிக்கும் முறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆசிரியர்களே உட்கார்ந்து நம் பாடத்துக்கு அட்டைகள் எழுதினார்கள். பிள்ளைகள் பாயில் வட்டமாக, ஆசிரியரும் தரையில். எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த தாள்கள். 2007-08 வாக்கில் அது மாநிலம் முழுக்க வந்தது. நானும் அதில் ஆசையாக வேலை பார்த்தவள். ஆனால் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அட்டைகள் அச்சாகி, எண் போட்டு, எதற்குப் பின் எது என்ற ஏணிப்படி வரிசையோடு வந்தன. அட்டையை எழுதியவருக்கு இருந்த சந்தோஷம் அதை அடுக்கி வைத்தவருக்கு வரவில்லை. ஒருவர் யோசித்தது அடுத்தவருக்கு உத்தரவாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் எனக்குப் பிடித்தது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பிரித்தது. கொரோனாவில் இரண்டு வருஷம் பள்ளியே பார்க்காத பிள்ளைக்கு அது தேவைப்பட்டது. பிடிக்காதது, போனில் செய்யும் மதிப்பீடு. சிக்னலுக்காக வேப்பமரத்தடியில் நான் நிற்கும்போது உள்ளே வகுப்பு தானாக நடக்காது.

கையேடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது இல்லாவிட்டால் அழுதிருப்பேன். சுதந்திரம் என்ற பேரில் செய்தித்தாள் படித்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன். விவாதங்களில் பின்லாந்தை இழுப்பவர்கள் அங்கே 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வாளர் முறையை எடுத்துவிட்டதை மட்டும் சொல்வார்கள். அதற்கு முன்பே, 1970களின் இறுதியில், ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம்பிக்கை வைப்பதற்கு முன் ஆளைத் தயார் செய்தார்கள்.

என்ன செய்யலாம்? விருது வேண்டாம். விருதுக்கு ஃபைல் தயாரிப்பதே தனி வேலை. வாரத்தில் ஒரு மதியம், கையேட்டுக் கணக்கில் வராத நேரம் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அதை மதித்தாலே பாதி நேரம் கிடைத்துவிடும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் திரையில் ஓடும் வீடியோவை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு சொதப்பிய பாடத்தைக் கொண்டுவந்து பேசச் சொல்லுங்கள். பக்கத்து ஊர் டீச்சர் பின்னத்தை எப்படிக் கோட்டை விட்டார் என்று தெரிந்துகொண்ட அன்றுதான் எனக்குப் பின்னம் நடத்த வந்தது. அதுவும் டீ இடைவேளையில்.

அதுவரை? நீட்டலளவை வரும் வாரம், பாடக்குறிப்பில் துணைக்கருவி என்ற இடத்தில் 'மல்லிகைச் சரம், 4 முழம்' என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. போன வருடம் பார்வைக்கு வந்த மேடம் மட்டும், பாடம் முடிந்ததும் அந்தச் சரத்தில் ஒரு முழம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். குட்டிப் பெண்ணின் முழத்தில் அளந்து கொடுத்தோம்.