சென்னையில் வீடற்றவர்கள்: எந்தத் துறை, யாரைக் கூப்பிடுவது? கேள்வி பதில்

கே: தெருமுனையில் ஒரு பெரியவர் பல நாளாகப் படுத்திருக்கிறார். யாருக்குச் சொல்வது?

மாநகராட்சியின் 1913. புகார் எண்ணை வாங்கி வையுங்கள். காயம், மயக்கம் என்றால் முதலில் 108. மற்றபடி 1913-ஐக் கூப்பிடுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, காப்பகத்துக்கு வருகிறீர்களா என்று அவரையே கேளுங்கள். சம்மதம் இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது.

கே: இத்தனை துறைகள் இருந்தும் ஏன் ரோட்டில் கிடக்கிறார்கள்?

காப்பகம் மாநகராட்சியிடம், மருத்துவமனை சுகாதாரத் துறையிடம், வீடு வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம், முதியோர் உதவித்தொகை வருவாய்த் துறையிடம். அவரவர் வேலையை அவரவர் செய்தாலும், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஆள் மாறும் இடத்தில்தான் தொலைந்துபோகிறார். கால் புண்ணோடு வார்டில் ஒருவர் இருக்கிறார், கேஸ் ஷீட்டில் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 55'. அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும், சாயங்காலம் டிஸ்சார்ஜ். தினமும் கட்டு மாற்ற வேண்டும், காப்பகத்தில் செவிலியர் இல்லை, பொறுப்பாளர் சேர்க்கத் தயங்குகிறார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே காப்பகத்துக்கு ஒரு போன் போயிருந்தால் ஏற்பாடு செய்திருக்கலாம், ஆனால் அந்த போனைப் போடுவது யார் வேலை என்று நான் பார்த்த எந்த இடத்திலும் முடிவாகவில்லை. என் சண்டை முழுக்க இந்த ஒரு போனுக்காகத்தான்.

கே: ஆதார் இல்லாதவருக்கு?

ஆதார் எடுக்க, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழ் போதும். வாக்காளர் பட்டியலுக்கு முகவரிச் சான்றே வேண்டாம், படிவம் 6-இல் எழுதிய இடத்தில் அவர் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும்.

கே: மனநலம் சரியில்லாதவரைப் பற்றிச் சொன்னால், ஸ்டேஷனில் 'எங்க வேலை இல்லை' என்கிறார்களே?

அவர்கள் வேலைதான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 100. பாதுகாப்பில் எடுத்த 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல்போனவர் என்று எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள்.

கே: 1945 பிச்சைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, எல்லோரையும் பிடித்து முகாமில் விடலாமே?

கூடாது. டெல்லியில் இதே மாதிரிச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018-இல் உயர் நீதிமன்றமே ரத்து செய்தது. நடைபாதையில் படுப்பவர்களில் மூட்டை தூக்குபவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர் எத்தனையோ பேர், அவர்கள் பிச்சைக்காரர்களும் இல்லை.

கே (மேலே கேட்டவரே): காப்பகத்துக்கு வர மறுப்பவர்களை என்ன செய்ய? இடம் காலியாகத்தானே இருக்கிறது!

ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டீர்களா? பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் இருக்கும் குடும்பங்களிடம் புருஷன் ஒரு காப்பகம், பெண்டாட்டி பிள்ளை இன்னொன்று என்றால் எப்படி வருவார்கள்? வாரியம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தாலும் விடியற்காலை மார்க்கெட் வேலைக்கு எப்படி வருவது? லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது, பிடித்து அடைக்கச் சொல்லவில்லை. இது பற்றி இதற்கு மேல் வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: எங்கள் ஏரியாவில் ஒரு பாட்டி, எந்த நம்பர்?

முதல் பதிலைப் பாருங்கள். 1913. பாட்டியிடம் கேட்டுவிட்டு.

கே: தனியாக ஒரு சின்னப் பையன் என்றால்?

குழந்தைகள் உதவி எண் 1098. அவர்கள் வரும்வரை பையனோடு இருங்கள்.